ஞாபகத்த ஆராய்ச்சி பண்ற என்கிட்ட எல்லாரும் கேக்குற கேள்விகள்

நான் சைக்காலஜி ரிசர்ச்சர். ஞாபகம், மறதி, நடக்காத ஒண்ணு நடந்த மாதிரியே ஞாபகம் இருக்குறது, இதுதான் என் ஏரியா. புதுசா யாரையாவது பாத்து, என்ன வேலை பாக்குறீங்கன்னு அவங்க கேட்டு, நான் சொன்ன அடுத்த நிமிஷம் வர்ற கேள்விங்க கிட்டத்தட்ட எப்பவும் இதேதான். பதில் சொல்லி சொல்லி எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு, அதான் எழுதி வச்சுட்டேன், இனிமே கேக்குறவங்ககிட்ட இத நீட்டிடலாம்.

உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விளையாட்டு. கீழ 15 வார்த்தை இருக்கு. ஒரே ஒரு தடவ நிதானமா படிங்க, வார்த்தைக்கு ஒரு செகண்டு போதும். மனப்பாடம் பண்ண வேணாம், எழுதி வைக்கவும் வேணாம். படிச்சுட்டு அப்படியே கீழ போயிருங்க, கடைசியில இதப் பத்தி கேப்பேன்.

படுக்கை, ஓய்வு, விழிப்பு, களைப்பு, கனவு, போர்வை, கொட்டாவி, குறட்டை, தலையணை, இரவு, அசதி, தாலாட்டு, மெத்தை, அமைதி, சோம்பல்.

ஆச்சா? சரி, வாங்க.

நீங்க டாக்டரா? எனக்கு கொஞ்ச நாளா மனசே சரியில்ல...

இல்லங்க. பேருக்கு முன்னாடி டாக்டர்னு இருக்கே, அது பிஎச்டி முடிச்சதால வந்தது. சைக்கியாட்ரிஸ்ட்னா மருத்துவம் படிச்சவங்க, மருந்து எழுதுவாங்க. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா சிகிச்சை குடுக்கவே தனியா பயிற்சி எடுத்தவங்க. நான் மூணாவது ரகம், நல்லா இருக்குற சாதாரண மனுஷங்களோட ஞாபகம் எப்படி வேலை செய்யுதுன்னு அளந்து பாக்குறவ, அவ்வளவுதான். ஆனா இந்தக் கேள்விய ஜோக் மாதிரி ஆரம்பிச்சு, ரெண்டு நிமிஷத்துல குரல் மாறி நிஜமாவே உதவி தேடுறவங்கள நான் நிறைய பாத்திருக்கேன், அதனால இதுக்கு மட்டும் சிரிச்சு மழுப்புறது கிடையாது. முதல் ரெண்டு ரகத்துல ஒருத்தர போய் பாருங்கன்னு தெளிவா சொல்லிருவேன். நானே ஆறுதல் சொல்றேன்னு உக்காந்தா அது தெரியாத வேலைய தெரிஞ்ச மாதிரி பண்றது.

இப்ப என் மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லுங்க பாப்போம்?

"இவளுக்கு எப்படியும் தெரியாது"ன்னு ஓடுது. அடுத்த கேள்வி.

அப்ப எதத்தான் ஆராய்ச்சி பண்றீங்க? ஞாபகம்னா மண்டைக்குள்ள வீடியோ மாதிரி பதிஞ்சிருக்கு, வேணும்ங்கறப்ப ஓட்டிப் பாக்குறோம், இதுல என்ன இருக்கு?

இந்த வீடியோ கதைதான் எங்களுக்கு சோறு போடுதுன்னு சொல்லணும், ஏன்னா எல்லாரும் அப்படித்தான் நம்புறாங்க, அது அப்படி இல்ல. ஃப்ரெடெரிக் பார்ட்லெட்னு ஒரு பிரிட்டிஷ்காரர், 1932ல ஒரு புத்தகம் போட்டாரு. வட அமெரிக்கப் பழங்குடி மக்களோட கதை ஒண்ண இங்கிலாந்து ஆளுங்ககிட்ட படிக்கக் குடுத்து, கொஞ்ச நேரம் கழிச்சும் நாள் கழிச்சும் திரும்ப எழுதச் சொல்லியிருக்காரு. எழுதினவங்க யாரும் பொய் சொல்லல, ஆனா கதை அவங்க ஊர்க் கதையா மாறிப் போச்சு, கேனோன்னு இருந்தது வெறும் படகு ஆயிருச்சு, சீல் வேட்டைக்குப் போனவங்க மீன் பிடிக்கப் போயிட்டாங்க, புரியாத பகுதியெல்லாம் காணாமலே போச்சு. ஞாபகம்ங்கறது எடுத்துப் பாக்குற பொருள் இல்ல, ஒவ்வொரு தடவையும் கையில இருக்குற துண்டு துக்கடாவ வச்சு புதுசா கட்டுறதுதான்னு அவர் சொன்னத நாங்க இன்னிக்கும் தோண்டிட்டு இருக்கோம்.

அப்புறம் 1974ல எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் பண்ணது இன்னும் நச்சுனு இருக்கும். 45 ஸ்டூடண்ட்ஸுக்கு கார் விபத்து வீடியோ போட்டுக் காட்டிட்டு, கார் என்ன ஸ்பீடுல போச்சுன்னு கேட்டாங்க. கேள்வியில ஒரே ஒரு சொல்ல மட்டும் ஆளுக்கு ஆள் மாத்தினாங்க. "ஒண்ணோட ஒண்ணு மோதி நொறுங்கினப்ப" மாதிரியான சொல்லு வந்தவங்க சராசரியா மணிக்கு 40 மைலுக்கு மேல சொன்னாங்க, "ஒண்ண ஒண்ணு தொட்டப்ப"ங்கற மாதிரி கேட்டவங்க 32 மைலுக்கு கிட்ட சொன்னாங்க. பாத்தது எல்லாரும் அதே படம்தான். வேற 150 பேர வச்சு இன்னொண்ணு பண்ணாங்க, ஒரு வாரம் கழிச்சு கூப்பிட்டு, உடைஞ்ச கண்ணாடி பாத்தீங்களான்னு கேட்டாங்க. நொறுங்கினப்பன்னு கேள்வி கேக்கப்பட்ட 50 பேர்ல 16 பேர் பாத்தேன்னாங்க. சாதாரணமா "மோதினப்ப"ன்னு கேக்கப்பட்ட 50 பேர்ல 7 பேர்தான். படத்துல கண்ணாடியே உடையல.

இதப் படிச்ச அன்னிக்கு நான் பி.ஏ. ரெண்டாம் வருஷம். அதுக்கு முன்னாடி வரைக்கும் சாட்சி தப்பா சொன்னா ஒண்ணு பொய், இல்ல காசு வாங்கியிருக்காங்கன்னுதான் நெனச்சேன். மனசறிஞ்சு உண்மைய சொல்லியும் ஒருத்தர் தப்பா சொல்ல முடியும்ங்கறது என்ன விடவே இல்ல, இன்னும் விடல. என்னோட இப்போதைய வேலையும் அத ஒட்டித்தான், ஒருத்தர் "எனக்கு நிச்சயமா தெரியும்"னு சொல்றதுக்கும் அது சரியா இருக்குறதுக்கும் எவ்வளவு சம்பந்தம், எந்தச் சூழ்நிலையில அந்த சம்பந்தம் அறுந்து போகுது, அதான்.

உங்க ஒரு நாள் எப்படிப் போகும்? வெள்ளை கோட்டு, எலி, மூளை ஸ்கேன்?

எலி ஆராய்ச்சி பண்றவங்க இருக்காங்க, ஸ்கேன் பண்றவங்களும் இருக்காங்க, என் லேப்ல இருக்கறது ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஹெட்ஃபோன், சத்தம் வராத ஒரு சின்ன ரூம், ஆடுற நாற்காலி ஒண்ணு. ஆடுற நாற்காலிய மாத்தச் சொல்லி லெட்டர் குடுத்து ரொம்ப நாள் ஆச்சு.

காலையில மெயில். எத்திக்ஸ் கமிட்டி ஒரு வரிய மாத்தச் சொல்லியிருக்கும், ஜர்னல் ஒண்ணு ரிவ்யூ பண்ணித் தாங்கன்னு கேட்டிருக்கும் (காசெல்லாம் கிடையாது, நம்ம பேப்பர யாரோ சும்மா படிச்சுத் தர்றாங்கல்ல, அந்தக் கடன்), இன்னிக்கு பத்து மணிக்கு வர்றேன்னு சொன்ன பார்ட்டிசிபன்ட் ஒன்பது ஐம்பத்தஞ்சுக்கு "சாரி, வர முடியல"ன்னு போட்டிருப்பாங்க. அப்புறம் கிளாஸ். அப்புறம் ஸ்டூடண்ட் ஒருத்தர் எழுதின ப்ரோக்ராம் ஏன் நூத்தி நாப்பதாவது ட்ரையல்ல நின்னு போகுதுன்னு ரெண்டு பேரும் உக்காந்து முறைச்சுப் பாக்குறது. மதியத்துக்கு மேல பெரும்பாலும் டேட்டா க்ளீனிங், அதாவது ஒருத்தர் வயசு 230ன்னு டைப் பண்ணியிருப்பாரு, ஒருத்தர் முழுசா ஒரே பட்டனையே அழுத்திட்டுப் போயிருப்பாரு, இன்னொருத்தர் நடுவுல ஃபோன் பாத்திருப்பாரு போல, ஒரு பதிலுக்கு மட்டும் நாலு நிமிஷம் எடுத்திருக்கும். இவங்கள என்ன செய்யணும்ங்கறத டேட்டாவப் பாக்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணி எழுதி வச்சிருக்கணும், பாத்துட்டு முடிவு பண்ணா நம்ம கை தானா நமக்குச் சாதகமான பக்கம் போகும். இத பின்னாடி இன்னும் சொல்றேன்.

சினிமாவுல வர்ற மாதிரி போர்டுல எழுதி யுரேகான்னு கத்துறது? ஒரு தடவ கூட நடந்தது இல்ல. ஒரு ஐடியா பேப்பரா அச்சுல வர ரெண்டு மூணு வருஷம் ஆகுறதெல்லாம் சாதாரணம், வர்றப்ப அந்த ஐடியாவே நமக்கு போர் அடிச்சிருக்கும்.

எக்ஸ்பெரிமெண்ட்னா அந்த ரூமுக்குள்ள என்னதான் நடக்கும்?

ஒரு அம்மா வந்தாங்க, ரிட்டயர்டு டீச்சர், வரும்போதே "எனக்கு மெமரி ரொம்ப ஷார்ப்பும்மா, என்னைய வச்சு உங்க கணக்கு கெட்டுப் போயிரப் போகுது"ன்னு சிரிச்சாங்க. கன்சென்ட் ஃபார்ம படிச்சுக் கையெழுத்து போட்டாங்க, ஹெட்ஃபோன் மாட்டினாங்க. அதுல வார்த்தை லிஸ்ட் ஓடும். நூல், தையல், கூர்மை, முள், துணி, பொத்தான், குத்து, இப்படி. அப்புறம் கொஞ்ச நேரம் கணக்கு போடச் சொல்லுவோம், அப்புறம் ஸ்க்ரீன்ல ஒவ்வொரு வார்த்தையா வரும், கேட்டதா புதுசான்னு சொல்லணும், எவ்வளவு நிச்சயம்னு 1லேர்ந்து 6க்குள்ள அழுத்தணும்.

"ஊசி"ன்னு வந்துச்சு. யோசிக்கவே இல்ல, 6.

எல்லாம் முடிஞ்சு வெளிய வந்தப்ப, ஊசிங்கற வார்த்தை லிஸ்ட்லயே இல்லைங்கம்மான்னு சொன்னேன். அவங்க ஒத்துக்கல. "இல்லம்மா, இருந்துச்சு, அந்தப் பொண்ணு அத சொல்றப்ப மட்டும் குரல் லேசா கம்மிச்சே, நான் கூட சளி புடிச்சிருக்கு போலன்னு நெனச்சேன்"னாங்க. அந்த ரெக்கார்டிங்ல இருக்கற குரல் என்னோடது. நான் அந்த வார்த்தைய ரெக்கார்ட் பண்ணவே இல்ல. சொல்லாத ஒரு வார்த்தைய நான் எப்படி சொன்னேன்னு எங்கிட்டயே அவங்க விவரமா சொன்னாங்க பாருங்க, அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் எனக்கு வேற எதுவும் ஓடல. இது அவங்க குறையே இல்ல. நூல், தையல், முள்ளுன்னு வரிசையா கேட்டா எல்லார் மண்டைக்குள்ளயும் ஊசி தானா எழுந்திரிக்கும், அப்புறம் அது வெளியேருந்து வந்ததா உள்ளேருந்து வந்ததான்னு பிரிச்சுப் பாக்குறதுலதான் தடுமாறுறோம்.

இந்த மாதிரி லிஸ்ட்ட இங்கிலீஷ்லேருந்து மொழிபெயர்த்து எடுத்துக்க முடியாதுங்கறது தனிக் கதை. இங்கிலீஷ் ஊசி லிஸ்ட்ல வைக்கோல்போர் இருக்கு, அவங்க பேச்சு வழக்குல வைக்கோல்போர்ல ஊசி தேடுறதுன்னு ஒண்ணு இருக்கறதால. தமிழ்ல வைக்கோல்னா மாடுதான் ஞாபகம் வரும், ஊசி எங்கேருந்து வரும்? அதனால முதல்ல நூறு பேர்கிட்ட போய், இந்தச் சொல்லக் கேட்டதும் எது தோணுதுன்னு எழுதி வாங்கி, லிஸ்ட்ட நாமளே கட்டணும். அதுலயும் எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழான்னு ஒரு பஞ்சாயத்து, அத எடுத்தா இந்தப் பக்கம் முடியாது.

இன்னொண்ணு, டெஸ்ட் நடக்கறப்ப நான் ரூமுக்குள்ள இருக்க மாட்டேன். இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஜெர்மனியில ஹான்ஸ்னு ஒரு குதிரை கணக்கு போட்டுச்சு, விடைய காலால தட்டிக் காட்டும், ஊரே அசந்து போச்சு. 1907ல ஆஸ்கர் ஃபங்ஸ்ட்ங்கறவர் உக்காந்து பாத்தா, கேள்வி கேக்குறவருக்கு விடை தெரியலன்னா குதிரைக்கும் தெரியல! சரியான எண் வந்ததும் கேக்குறவர் தலை தன்னையறியாம லேசா அசையும், குதிரை அதப் பாத்துத்தான் தட்டுறத நிறுத்தியிருக்கு. குதிரையே கண்டுபிடிக்குதுன்னா ரிட்டயர்டு டீச்சர் கண்டுபிடிக்க மாட்டாங்களா?

ஆளுங்கள ஏமாத்தி எக்ஸ்பெரிமெண்ட் பண்ணுவீங்களாமே, ஷாக் எல்லாம் குடுத்து?

மில்கிராம் கதைய கேட்டிருப்பீங்க. 1960கள் ஆரம்பத்துல யேல் யுனிவர்சிட்டியில ஸ்டான்லி மில்கிராம் பண்ணது, பக்கத்து ரூம்ல இருக்கறவருக்கு தப்பு பண்ணா ஷாக் குடுங்கன்னு சாதாரண ஆளுங்ககிட்ட சொல்லி, 40 பேர்ல 26 பேர் 450 வோல்ட் வரைக்கும் போனாங்க. ஷாக் நிஜம் இல்ல, அந்தப் பக்கம் இருந்தவர் நடிச்சாரு. ஆனா பட்டன அழுத்தினவங்களுக்கு அது தெரியாது, வேர்த்து, நடுங்கி, உதட்ட கடிச்சுக்கிட்டு அழுத்தினாங்க, அந்த அவஸ்தை நிஜம்.

இப்ப அத அப்படியே பண்றேன்னு போனா எந்த எத்திக்ஸ் கமிட்டியும் விடாது. என்ன பண்ணப் போறோம், என்ன கஷ்டம் வரலாம், எப்ப வேணும்னாலும் எழுந்து போகலாமா, டேட்டா எங்க இருக்கும், எல்லாத்தையும் முன்னாடியே எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும். சின்னச் சின்ன மறைப்பு இருக்கும், ஒத்துக்கறேன். ஞாபகம் எப்படித் தப்பு பண்ணுதுன்னு பாக்குறோம்னு முன்னாடியே சொன்னா உஷார் ஆயிருவாங்க, அதனால ஞாபகம் பத்தி ஒரு ஸ்டடின்னு மட்டும் சொல்லுவோம். முடிஞ்ச உடனே உக்கார வச்சு எல்லாத்தையும் சொல்லியாகணும், அதுக்கு டீப்ரீஃபிங்னு பேரு. எனக்கு மொத்த வேலையிலயும் பிடிச்ச பத்து நிமிஷம் அதுதான், "அடப்பாவி!"ன்னு சிரிப்பாங்க, சிலர் மட்டும் ரொம்ப யோசனையோட எழுந்து போவாங்க.

காலேஜ் பசங்கள மட்டும் வச்சுட்டு மனுஷ மனசே இப்படித்தான்னு சொல்றீங்க, அது எப்படி?

கரெக்டான அடி. ஜெஃப்ரி ஆர்னெட் 2008ல முக்கியமான ஆறு சைக்காலஜி ஜர்னல்கள எடுத்துப் பாத்தாரு, ஆராய்ச்சியில கலந்துக்கிட்டவங்கள்ல 96 சதவீதம் பேர் மேற்கத்திய பணக்கார நாட்டுக்காரங்க, ஆனா உலக மக்கள்ல அந்த நாட்டு ஆளுங்க 12 சதவீதம்தான். ரெண்டு வருஷம் கழிச்சு ஜோசப் ஹென்ரிக்கும் இன்னும் ரெண்டு பேரும் இதையே இன்னும் காட்டமா எழுதினாங்க. மாறிட்டு இருக்கு, மெதுவா. நாங்களும் காலேஜுக்கு வெளிய ஆளுங்கள கூப்பிடுறோம், ஆனா வேலைக்குப் போறவங்கள ஒரு மணி நேரம் லேப்ல வந்து வார்த்தை லிஸ்ட் கேளுங்கன்னு சொல்றது லேசில்ல, பசங்கதான் கூப்பிட்ட குரலுக்கு வருவாங்க. இது காரணம், நியாயம் இல்ல.

சைக்காலஜி ஆராய்ச்சி பாதி பொய்யின்னு படிச்சேனே?

பொய்ங்கறது தப்பு, ஆனா விஷயம் உண்மைதான், மூடி மறைக்க ஒண்ணும் இல்ல. 2015ல பெரிய கூட்டம் ஒண்ணு சேந்து, ஏற்கனவே அச்சுல வந்த 100 ஆராய்ச்சிகள திரும்பச் செஞ்சு பாத்தாங்க. முதல் தடவ 97 சதவீதத்துல ரிசல்ட் வந்திருந்துச்சு, திரும்பச் செஞ்சப்ப 36 சதவீதத்துலதான் வந்துச்சு. அதுக்கு அடுத்த வருஷம், மன உறுதி பேட்டரி மாதிரி தீந்து போகும்னு வகுப்பு வகுப்பா பாடம் எடுத்துட்டு இருந்த விஷயத்த 23 லேப், ரெண்டாயிரத்துக்கு மேல ஆளுங்கள வச்சு டெஸ்ட் பண்ணாங்க, ஒண்ணுமே இல்லைங்கற அளவுக்குத்தான் வந்துச்சு. நானும் அந்தப் பாடத்த எடுத்தவதான். மறுவருஷம் அதே கிளாஸ்ல நின்னு, போன வருஷம் சொன்னத மறந்துருங்கன்னு சொன்னேன்.

ஏன் இப்படி ஆச்சுன்னா, ரொம்பப் பேர் திருடினதால இல்ல. 20 பேர வச்சு செய்வோம், ரிசல்ட் வரலையா, இன்னும் பத்து பேர சேத்துப் பாப்போம், வரலையா, அந்த வயசு 230 போட்டவர தூக்கிருவோம், ஆம்பளைங்க பொம்பளைங்கன்னு பிரிச்சுப் பாப்போம், எங்கயாவது ஒரு இடத்துல பி வேல்யூ (நிஜத்துல எந்த விளைவும் இல்லைன்னாலும் இப்படி ஒரு ரிசல்ட் தற்செயலா வர எவ்வளவு வாய்ப்புன்னு சொல்ற எண்) 0.05க்கு கீழ வந்ததும் நிறுத்தி, முதல்லேருந்தே இதத்தான் தேடினோம்னு எழுதிருவோம். ஒவ்வொரு படியும் அந்த நேரத்துல நியாயமாத்தான் தோணும். இது நான் ஆராய்ச்சி பண்ற விஷயமேதான், கவனிச்சீங்களா? நடந்தத நமக்குத் தோதா திரும்பக் கட்டிட்டு, முதல்லேருந்தே அப்படித்தான்னு மனசார நம்புறது. பார்ட்டிசிபன்ட் ஊசிய கேட்டேன்னு சொன்னா சிரிக்கிறோம், நாமளும் அதத்தான் பண்ணிட்டு இருந்திருக்கோம்.

அதனால இப்ப என்ன தேடுறோம், எத்தன பேர், யார நீக்குவோம், எந்தக் கணக்கு போடுவோம்னு எல்லாத்தையும் ஆரம்பிக்கும் முன்னாடியே பொதுவெளியில தேதியோட பதிஞ்சு வச்சுர்றோம். சில ஜர்னல்கள்ல ரிசல்ட் வரும் முன்னாடியே திட்டத்த மட்டும் படிச்சுட்டு ஏத்துப்பாங்க, என்ன ரிசல்ட் வந்தாலும் போடுவாங்க. வேலை ரெண்டு மடங்கு ஆயிருச்சு, நிம்மதி மூணு மடங்கு.

நீங்களே பெரிய தப்பு எதாவது பண்ணியிருக்கீங்களா?

ம். ஒரு ஸ்டடியில பாதிப் பேருக்கு வலது பட்டன் "கேட்டது", இடது "புதுசு", மீதிப் பாதிக்கு தலைகீழா, எந்தக் கை வேகம்ங்கறது கணக்குல கலக்காம இருக்க இப்படித்தான் வைப்போம். கணக்கு போடறப்ப அந்த ரெண்டாவது பாதிய திருப்பிப் போடணும், நான் மறந்துட்டேன். ரிசல்ட் வித்தியாசமா வந்துச்சு, பாதிப் பேர் கேட்டத கேக்கலன்னும் கேக்காதத கேட்டேன்னும் சொல்ற மாதிரி. சந்தேகம் வந்திருக்கணுமா இல்லையா? எனக்கு சந்தோஷம் வந்துச்சு. ரெண்டு வாரம் அதுக்கு ஒரு தியரி கட்டினேன், படம் எல்லாம் போட்டு ஸ்லைடு ரெடி பண்ணேன், கூட வேலை செய்யறவங்ககிட்ட கண்ணு மின்ன மின்ன பேசினேன். புதுசா சேந்த ஒரு ஸ்டூடண்ட் நான் எழுதின ப்ரோக்ராம படிச்சுட்டு, தயங்கித் தயங்கி, "மேடம், ரெட்டைப்படை நம்பர் ஆளுங்களுக்கு மட்டும்தான் இப்படி வருது"ன்னா. பட்டன தலைகீழா வச்சது அவங்களுக்குத்தான், ரெட்டைப்படைன்ன உடனே புரிஞ்சிருச்சு, வயித்துல கல்லு விழுந்த மாதிரி இருந்துச்சு. அந்த ஸ்லைடு ஃபைல இன்னும் அழிக்கல, கம்ப்யூட்டர்ல அதே பேர்ல கிடக்கு. இப்பல்லாம் ரிசல்ட் எனக்குப் பிடிச்ச மாதிரி வந்தா, ப்ரோக்ராம முதல்ல வேற யார்கிட்டயாவது குடுத்துர்றேன்.

ஞாபக சக்தி வளர எதாவது டிப்ஸ்?

நீங்க எதிர்பாக்குற மாதிரி மாத்திரை, மொபைல் ஆப் எதுவும் என்கிட்ட இல்ல. நல்லா நிரூபிச்ச ரெண்டு விஷயம் இருக்கு, ரெண்டும் சப்புன்னு இருக்கும்.

ஒண்ணு, திரும்பத் திரும்ப படிக்காதீங்க, மூடி வச்சுட்டு சொல்லிப் பாருங்க. 2006ல ரோடிகரும் கார்பிக்கும் செஞ்சத பாருங்க, ஒரு பாடத்த ரெண்டு தடவ படிச்சாங்க, இன்னொரு பாடத்த ஒரு தடவ படிச்சுட்டு ஒரு தடவ பாக்காம எழுதினாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சா ரெண்டு தடவ படிச்சதுதான் முன்னாடி, 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழிச்சு வச்சா அப்படியே தலைகீழு, படிச்சுப் படிச்சு வச்சது 42 சதவீதம், எழுதிப் பாத்தது 56. பரீட்சைக்கு முந்தின நிமிஷம் வரைக்கும் புரட்டுறவங்களுக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கறதும் அடுத்த வாரமே காலி ஆகுறதும் இதனாலதான்.

ரெண்டு, ஒரே நாள்ல அஞ்சு மணி நேரத்த விட அஞ்சு நாள்ல ஒவ்வொரு மணி நேரம் நல்லது. ஹெர்மான் எபிங்ஹாஸ் 1885லயே இத எழுதிட்டாரு. அவர் கதையே வேடிக்கை, லேபும் இல்ல, பார்ட்டிசிபன்டும் இல்ல, அர்த்தமே இல்லாத எழுத்துக் கூட்டத்த தானே மனப்பாடம் பண்ணி, தானே மறந்து, திரும்பக் கத்துக்க எவ்வளவு நேரம் மிச்சம் ஆகுதுன்னு தானே அளந்தாரு. ஒரு மணி நேரத்துலயே மிச்சம் 44 சதவீதம்தான், ஒரு நாள்ல 34, ஆனா 31 நாள் கழிச்சும் 21 இருந்துச்சு. வேகமா விழுந்து அப்புறம் மெதுவா. 2015ல ரெண்டு பேர் நெதர்லாந்துல அதே மாதிரி செஞ்சு பாத்தப்ப மறதி விழுற கோடு கிட்டத்தட்ட அதேதான் வந்துச்சு. எது நிக்கல எது நிக்கலன்னு புலம்பினேன்ல, இது நின்னது.

மூணாவதா ஒண்ணு இருக்கு, அத இப்ப சொல்ல முடியாது, காரணத்தோடதான். கடைசியில சொல்றேன்.

மூளையில 10 சதவீதம்தான் பயன்படுத்துறோமாமே?

இல்ல. இவ்வளவு சின்னதா அடி பட்டாலே என்னென்னவோ நின்னு போகுது, 90 சதவீதம் சும்மா இருந்தா அடி படறவங்கள்ல பெரும்பாலான பேருக்கு எதுவும் ஆகக் கூடாதே.

தலையில அடி பட்டா தன் பேரே மறந்து போகும்ங்கறது?

சினிமாவுக்கு நல்லா இருக்கும். நிஜத்துல அதிகமா ஆகுறது நேர்மாறு, பழசு இருக்கும், புதுசு நிக்காது. ஹென்றி மொலைசன்னு ஒருத்தர், வலிப்பு நோய்க்காக 1953ல மூளையில ரெண்டு பக்கமும் ஒரு பகுதிய எடுத்தாங்க, அப்ப வயசு 27. அதுக்கப்புறம் 2008ல சாகுற வரைக்கும் புதுசா பாத்தவங்க யாரும் அவருக்கு நிக்கல, பல வருஷமா தன்ன டெஸ்ட் பண்ண பிரெண்டா மில்னரையே ஒவ்வொரு தடவையும் புது ஆளாத்தான் பாத்தாரு. ஆனா கண்ணாடியில மட்டும் பாத்து நட்சத்திரம் வரையற பயிற்சி குடுத்தா நாளுக்கு நாள் கை தேறிக்கிட்டே வந்துச்சு, இத செஞ்ச ஞாபகமே அவருக்கு இல்ல. ஞாபகம்னு நாம ஒரே சொல்லால சொல்றது உள்ள ஒண்ணு இல்ல, பலதுன்னு தெரிஞ்சது இப்படித்தான்.

எனக்கு ஒரு சில நாள் மட்டும் அச்சு அசலா ஞாபகம் இருக்குங்க, அது தப்பா இருக்கவே முடியாது.

1986 ஜனவரி 28ல சேலஞ்சர் விண்கலம் வெடிச்சுது. மறுநாள் காலையிலயே உல்ரிக் நைசர் தன் ஸ்டூடண்ட்ஸ்கிட்ட நியூஸ எங்க கேட்டீங்க, யாரு சொன்னாங்கன்னு எழுதி வாங்கி வச்சுட்டாரு. ரெண்டரை வருஷம் கழிச்சு அவரும் நிக்கோல் ஹார்ஷும் 44 பேர திரும்பக் கேட்டாங்க. 11 பேர் சொன்னது முதல்ல எழுதினதோட எங்கயும் ஒட்டல. ஆனா ரொம்ப நிச்சயமா சொன்னாங்க. அவங்க கையெழுத்தையே எடுத்துக் காட்டியும் பழைய ஞாபகம் யாருக்கும் திரும்பி வரல.

வருஷம் தேதி சொன்னா அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லிர்ற அபூர்வ ஆளுங்க இருக்காங்க, நிஜமா. அவங்களையும் 2013ல பட்டிஹிஸும் மத்தவங்களும் டெஸ்ட் பண்ணாங்க, என் லேப்ல அந்த டீச்சர் அம்மா செஞ்ச அதே ரக டெஸ்ட்டும் அதுல உண்டு. மத்தவங்க விழுந்த மாதிரியே இவங்களும் விழுந்தாங்க.

நீங்க ஞாபகத்த ஆராய்ச்சி பண்றீங்க, உங்களுக்கு மறக்குமா?

நேத்து கூட ஒருத்தர் பேர் மறந்து, "வாங்க வாங்க"ன்னே அரை மணி நேரம் ஓட்டினேன். பேர் மறக்குறதுக்கு ஒரு நல்ல விளக்கம் இருக்கு. 1987ல ஒரு டெஸ்ட், முகத்தக் காட்டி சிலருக்கு "இவர் பேர் பேக்கர்"னு சொன்னாங்க, சிலருக்கு "இவர் வேலை பேக்கர்"னு சொன்னாங்க. சொல்லு ஒண்ணுதான், ஆனா வேலையா கேட்டது நின்னுச்சு, பேரா கேட்டது நழுவிடுச்சு. வேலைன்னா மாவு, அடுப்பு, வாசனைன்னு மனசுல நாலு கொக்கி இருக்கு, பேருக்கு எதுவும் இல்ல. இந்த விளக்கத்த அந்த மனுஷன்கிட்ட சொல்லியிருக்கலாம், அதுக்கு முதல்ல பேர் மறந்துருச்சுன்னு ஒத்துக்கணுமே.

வண்டி நிறுத்தினா ஃபோட்டோ எடுத்துக்குவேன். யார்கிட்ட என்ன ஒத்துக்கிட்டேன்னு அன்னன்னிக்கே எழுதிருவேன். டைரியும் உண்டு, மாரிகோல்ட் லிண்டன்னு ஒரு ரிசர்ச்சர் 1970கள்ல ஆறு வருஷம் தினமும் ரெண்டு சம்பவமாவது எழுதி, தன்ன தானே டெஸ்ட் பண்ணிட்டு இருந்தாங்க, அதப் படிச்ச பாதிப்பு. அவங்க கண்டது, ஒரே மாதிரி சம்பவம் திரும்பத் திரும்ப நடந்தா ஒண்ணோட ஒண்ணு கலந்து, தனித்தனியா எடுக்க முடியாமப் போகுது. என் டைரியிலயும் "மீட்டிங்"னு மட்டும் போட்ட பக்கம் எதுவுமே எனக்கு இப்ப என்னன்னு தெரியல.

வீட்டுல சண்டைக்கு இந்தப் படிப்பு உதவுதா?

என் வீட்டுக்காரர் சொல்றது, "உங்கூட சண்டை போடறதே வேஸ்டு, நல்லா சூடா போயிட்டு இருக்கறப்ப, 'எனக்கே தப்பா ஞாபகம் இருக்கலாம்'னு சொல்லி கவுத்துருவ"ன்னு. அது அவர் பாக்குற பக்கம். நெஜம் என்னன்னா வாய்தான் அப்படி சொல்லும், "நான் சொன்னேன், நீ கேக்கல"ன்னு அவர் சொல்றப்ப, அவர் சொல்லவே இல்லைன்னு உள்ளுக்குள்ள எனக்கு 6க்கு 6 நிச்சயமா இருக்கும். படிச்சதால அந்த நிச்சயம் ஒரு துளி கூட குறையல.

அக்காவுக்கும் எனக்கும் ஒரு பழைய வழக்கு இருக்கு. சின்ன வயசுல எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர யாரோ சைக்கிள்லேருந்து தள்ளி விட்டதுல முழங்கால்ல தையல் போட வேண்டியதாச்சு. தையல் போட்டுக்கிட்டது நாந்தான்னு எனக்கு டெட்டால் வாசனையோட ஞாபகம் இருக்கு. அக்காவுக்கு அது அவதான்னு நர்ஸ் போட்டிருந்த வளையல் வரைக்கும் ஞாபகம் இருக்கு. தழும்பு அக்கா முழங்கால்ல இருக்கு. "அப்புறம் என்னடி உனக்கு சந்தேகம்?"னு கேக்குறா. 2001ல நியூசிலாந்துல மெர்சிடிஸ் ஷீனும் மத்தவங்களும், இரட்டைப் பிள்ளைங்க இப்படி ஒரே ஞாபகத்துக்கு அடிச்சுக்கறதப் பத்தி ஒரு பேப்பர் போட்டாங்க, அத நான் அக்காவுக்கு அனுப்பினேன். அவ படிக்கல, தழும்ப ஃபோட்டோ எடுத்து அனுப்பினா.

இந்தத் துறைக்கு வரலாமா?

வரலாம், ஆனா மனுஷங்கள புரிஞ்சுக்கணும்ங்கற ஆசையில வர்றவங்க முதல் வருஷமே ஸ்டாடிஸ்டிக்ஸப் பாத்து பயந்துருவாங்க, அதனால இப்பவே சொல்லிர்றேன். கணக்கு வேணும், ப்ரோக்ராமிங் கொஞ்சம் வேணும், ஆர் (R), பைத்தான்ங்கற ப்ரோக்ராமிங் மொழி ரெண்டுல ஒண்ணாவது. எக்ஸ்பெரிமெண்ட் செய்ய சைக்கோபைன்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, வீட்டுலயே போட்டு விளையாடிப் பாருங்க, பிடிச்சா வாங்க. நிரந்தர வேலை கிடைக்க நாளாகும், நிராகரிப்பு நிறைய வரும். பேப்பர திருப்பி அனுப்புற ரிவ்யூவர்கள்ல ரெண்டாமவர்தான் எப்பவும் கொடூரமானவர்னு உலகம் முழுக்க ஒரு ஜோக் உண்டு, நானும் பலருக்கு ரெண்டாமவரா இருந்திருக்கேன்.

அந்த லிஸ்ட் என்ன ஆச்சு?

மேல போகாம சொல்லுங்க. இதுல எதெல்லாம் லிஸ்ட்ல இருந்துச்சு? தலையணை. ஜன்னல். கனவு. தூக்கம். கொட்டாவி. நாற்காலி.

ஜன்னலும் நாற்காலியும் இல்லைன்னு ஈஸியா சொல்லியிருப்பீங்க. தூக்கமும் இல்ல. இருந்துச்சுன்னு நெனச்சிருந்தா கவலப்படாதீங்க, 1995ல ரோடிகரும் மெக்டெர்மாட்டும் இத செஞ்சப்ப, லிஸ்ட்ல இல்லாத அந்த நடு வார்த்தைய முதல் எக்ஸ்பெரிமெண்ட்ல 40 சதவீத தடவையும் ரெண்டாவதுல 55 சதவீத தடவையும் ஆளுங்க தானாவே எழுதினாங்க. நான் எழுதக் கூட சொல்லல, காட்டித்தான் கேட்டேன், அது இன்னும் சுலபமா விழ வைக்கும். இந்தக் கேள்விக்கு முன்னாடி வரைக்கும் அந்த வார்த்தைய ஒரு இடத்துல கூட எழுதிரக் கூடாதுன்னு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், டிப்ஸ்ல மூணாவத முழுங்கினது அதுக்குத்தான். அது தூக்கம்தான். 1924ல ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் ரெண்டே ரெண்டு ஸ்டூடண்ட்ஸ வச்சுப் பாத்தாங்க, படிச்சுட்டுத் தூங்கினா, அதே நேரம் முழிச்சிருந்தத விட நல்லா நின்னுச்சு. ஆள் ரொம்பக் கம்மிதான், ஆனா அதுக்கப்புறம் எத்தனையோ லேப்ல அது திரும்ப வந்திருக்கு.

லிஸ்ட்ட கட்டினது நான், அந்த வார்த்தைய வேணும்னே விட்டதும் நான். எல்லாம் எழுதி முடிச்சுட்டு கடைசியா ஒரு தடவ படிக்கறப்ப, மெத்தைக்கும் அமைதிக்கும் நடுவுல எங்கயோ அது இருந்த மாதிரியே இருந்துச்சு, மேல போய் விரல் வச்சு ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தேன். பதினஞ்சுதான்.